அலுமினியத்தில் குருதிநீர்

எழுபதுகளின் நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியான வேலணையில் இருந்த என் ஐயாவுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு வான்கடிதம் எழுதினேன். அந்த நீலத்தாளில் இடம் குறைவு. அம்மாவின் கால்வலி, தங்கையின் பள்ளிக்கூடச் சோதனை, பனங்காணி வேலி எல்லாவற்றையும் விசாரித்து முடித்தபோது என் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல மூன்று வரிகள்தான் மிஞ்சியிருந்தன. "மிகப் பலமான காந்தப்புலத்தை ஒரு கணம் மட்டும் உண்டாக்கினால் உலோகத்தின் மேற்பரப்பு பிளாஸ்மாவாக மாறுகிறது. அலுமினியத்தில் அது எப்போது மாறுகிறது என்று அளந்திருக்கிறேன். பேராசிரியர் மகிழ்ச்சியாக இருக்கிறார்" என்று எழுதி, ஒட்டி, அனுப்பிவிட்டேன்.

ஐயாவுக்கு அந்த மூன்று வரிகளும் விளங்கவில்லை. விளங்காத எதையும் அவர் தன் தமையனிடம்தான் கொண்டுபோவார். என் பெரியப்பா ஓய்வுபெற்ற அப்போதிக்கரி. காலமெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கலந்தவர். ஊர் வாசிகசாலையின் தலைவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசத் தொடங்கினாரென்றால், அது திரும்ப மூக்குக்கு இறங்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அதில் அவருக்கு ஒரு சொல் நன்றாகத் தெரிந்திருந்தது. பிளாஸ்மா. இரத்தத்தைத் தெளியவிட்டால் மேலே நிற்குமே, அந்த மஞ்சள் தண்ணீர்.

"உவன் அலுமினியத்திலையிருந்து ரத்தம் எடுக்கிறான்," என்று ஐயாவிடம் சொன்னாராம். "உலகத்திலை இதுவரைக்கும் ஆரும் செய்யேல்லை."

ஐயா நம்பினார். அப்போதிக்கரி சொன்னதென்றபடியால் ஊரும் நம்பியது. இது எதுவும் தெரியாமல் நான் அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டேன்.

நான் உண்மையில் செய்துகொண்டிருந்தது இதுதான். பல்கலைக்கழகக் கட்டடமொன்றின் நிலவறையில், அலுமாரிகளை வரிசையாக அடுக்கியதுபோல, மின்னைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவிகளை அடுக்கி வைத்திருந்தோம். அவற்றில் சில நிமிடங்கள் மின்னேற்றி, சேர்ந்த அவ்வளவையும் ஒரே அடியில் ஓர் அலுமினியக் கம்பிக்குள் பாய்ச்சுவோம். இலட்சக்கணக்கான அம்பியர், கண் இமைப்பதில் நுண்ணிய ஒரு துணுக்கு நேரத்துக்கு. அவ்வளவு அவசரத்தில் மின்சாரத்துக்குக் கம்பியின் உள்ளே ஊறிப்போக நேரமில்லை. தோலில் மட்டும் ஓடும். அதைச் சுற்றி எழும் காந்தப்புலம் கம்பியை நாலு பக்கமும் நெரிக்கும், தோல் சூடேறும், உருகும், கொதிக்கும், ஆவியாகும். புலம் இன்னும் கூடினால் அந்த ஆவி அணுக்கள் உடைந்து ஒளிவிடத் தொடங்கும். அந்த ஒளிவிடும் ஆவிதான் பிளாஸ்மா. எந்தளவு புலத்தில் அது நடக்கிறது என்பதே கேள்வி. கணக்குப் போட்டவர்கள் ஓர் அளவு சொல்லியிருந்தார்கள். என்னுடைய கம்பியோ அதைவிட எவ்வளவோ குறைந்த புலத்திலேயே ஒளிவிட்டது. கணக்கெல்லாம் பிழை என்று நிறுவிவிட்ட பெருமையில் நான் நிலவறைக்குள்ளேயே ஓரடி உயர்ந்து நடந்தேன்.

வேலணைச் சந்தியில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மூன்று மாலைகள் காத்திருந்தன. ஒன்று வாசிகசாலையுடையது, ஒன்று ஐக்கிய விளையாட்டுக் கழகத்துடையது, மூன்றாவது யாருடையது என்று கடைசிவரை தெரியவரவில்லை. வீட்டில் அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, மெதுவாக, "தம்பி, அதுக்கு வலிக்குமோ?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"அலுமினியத்துக்கு."

அப்போதுதான் விஷயம் வெளியில் வந்தது. நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, பெரியப்பாவிடம் போய் விளக்கினேன். இரத்தத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பேர் மட்டும்தான் ஒன்று என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"தம்பி, நான் பிளாஸ்மாவைக் கையாலை தொட்டவன். நீர் தொட்டனீரோ?"

"அதைத் தொட ஏலாது பெரியப்பா. அவ்வளவு சூடு."

"தொடாத ஒண்டைப் பற்றித் தொட்டவனுக்குச் சொல்லித்தர வாறீர்," என்றார். கண்ணாடி இறங்கியது. பாராட்டு விழாவுக்கு நோட்டீஸ் ஏற்கனவே அச்சாகிவிட்டது என்பதையும் அப்போதுதான் சொன்னார்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு விழா. வாசிகசாலைக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. ஒலிபெருக்கிக்காக ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு வெல்டிங்காரன் தன் ஜெனரேற்றரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் அவனும் நானும் ஒரே வகுப்பு. உயர்தரச் சோதனையில் பௌதிகவியலுக்கு இரண்டு முறை இருந்து இரண்டு முறையும் கோட்டைவிட்டவன். எனக்கு அதே பாடத்தில் அதிவிசேட சித்தி. அந்த விவரத்தை யாரும் கேட்காமலே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இறங்குதுறையில் லோஞ்சுகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் இரும்பு ஒட்டுவதுதான் அவன் தொழில். என்னைக் கண்டதும் எழும்பி நின்று, "எப்ப வந்தனீர்?" என்றான். முன்பு "டேய்" என்று கூப்பிட்டவன். மாலை செய்த வேலை.

விழாவில் வரவேற்புப் பத்திரம் வாசித்தது பெரியப்பாதான். எழுதியதும் அவர்தான். மஞ்சள் தாளில், சுற்றிவரப் பூ வேலைப்பாடு. "அலுமினியத்தைக் கறந்து குருதிநீர் தந்த கோமகனே" என்று தொடங்கியது. இரத்தம் இன்றி வாடும் ஏழைகளுக்கு இனிக் கவலை இல்லை என்றும், சட்டி பானை உள்ள வீட்டில் இனிச் சோகை இல்லை என்றும் நாலு பந்தி போனது. கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஐயா அழுதார்.

எனக்குப் பேச வாய்ப்பு வந்தது. நான் எழும்பி, இது அந்தப் பிளாஸ்மா இல்லை, இது வேறு, இதில் இரத்தம் வராது, வெளிச்சம்தான் வரும் என்று என்னால் முடிந்த அளவுக்குத் தெளிவாகச் சொன்னேன். சுற்றிலும் முகங்கள் வாடின. உடனே பெரியப்பா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"பாத்தீங்களோ? எவ்வளவு படிச்சும் எவ்வளவு தன்னடக்கம்!"

முன்னையதைவிடப் பெரிய கைதட்டல். நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாக மன வருத்தம் ஒன்றும் இல்லை. பிழையான காரணத்துக்காகப் போட்டாலும் மாலை வாசமாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு, வாசிகசாலையின் பின்பக்கம் வெல்டிங்காரன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் நன்றி சொல்லப் போனேன். பெரிய மனிதர்கள் அப்படிச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"மிசின் சத்தத்திலை உம்மடை பேச்சு அரைவாசிதான் கேட்டது," என்றான். "ஒண்டு கேக்கலாமோ?"

"கேள்."

"அந்தக் கம்பியை எப்பிடிப் பிடிச்சனீர்?"

"கையாலை பிடிக்க ஏலாது."

"கையாலை எண்டு நான் கேக்கேல்லை. கறன்ற் குடுக்க ரெண்டு தலைப்பையும் ஏதாலையோ பிடிச்சிருப்பீர்தானே?"

"பித்தளைக் கவ்வி. திருகாணி போட்டு இறுக்கினது."

"கம்பியும் கவ்வியும் முட்டுற இடத்திலை பொறி பறக்கேல்லையோ?"

அங்கே தொடுகைத் தடை என்று ஒன்று இருக்கிறது, அது மிகச் சிறியது, புறக்கணிக்கத்தக்கது, ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் அதற்குக் கணக்குப் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். முழுவதையும் புத்தகத் தமிழில் சொன்னேன். இடையிடையே ஆங்கிலமும் போட்டேன்.

"கணக்கிலை பறக்காது எண்டால் சரி," என்றான். வயரைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் ஆட்கள். வெளிறிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார் வந்திருந்தார்கள். புங்குடுதீவிலிருந்தும் இருவர். ஒரு பெண் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்ததை எடுத்து என் முன் வைத்தாள். நெளிந்த அலுமினியச் சட்டி ஒன்று. "இது காணுமோ தம்பி? வீட்டிலை இன்னொண்டும் கிடக்கு. அது கொஞ்சம் ஓட்டை," என்றாள். அவளுடைய மகளுக்குப் பத்து வயது இருக்கும், உதடு வெள்ளைத் தாள்போல இருந்தது. நான் அதுவரை பெரியப்பாவை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டியைக் கண்டதும் சிரிப்பு நின்றது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். "அங்கை இரும்புச்சத்துக் குளிசைதான் குடுக்கினம்," என்று ஏமாற்றத்தோடு சொன்னாள். பெரியப்பா அடுத்த வீட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மிசின் இஞ்சை இல்லை பிள்ளை, அங்கைதான் கிடக்கு," என்று எனக்காக வருத்தம் தெரிவித்தார்.

இதிலிருந்து தப்பச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக்கு ஓடினேன். தப்ப மட்டும்தான் போனேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சைக்கிள் நேராகப் போய் நின்றது இறங்குதுறைக்குப் பக்கத்திலிருந்த தகரக் கொட்டிலின் வாசலில்.

வெல்டிங்காரன் ஒரு லோஞ்சின் சுக்கானை நிலத்தில் போட்டு வேலைசெய்துகொண்டிருந்தான். என்னைக் கண்டு அவன் வியப்படையவில்லை. கறுப்புக் கண்ணாடி பதித்த முகமறைப்பு ஒன்றைக் கையில் தந்தான்.

"இதுக்குள்ளாலை பாரும். நான் ஒட்டுற இடத்தைப் பாக்க வேண்டாம். மற்றக் கவ்வியைப் பாரும்."

வெல்டிங் செய்ய இரண்டு வயர்கள் வேண்டும். ஒன்று ஒட்டுக் கம்பிக்குப் போகும். மற்றது ஒரு கவ்வியால் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவன் அந்தக் கவ்வியைக் துருவேறிக் கறள் பிடித்த ஓர் இடத்தில் வேண்டுமென்றே மாட்டினான். ஒட்டுக் கம்பியால் தட்டினான். கம்பி நுனியில் வெளிச்சம் பிடிக்குமுன், கவ்வியின் வாயில் பொறி சீறியது.

பிறகு கறளை அரத்தால் தேய்த்து, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, கவ்வியை இறுக்கி மாட்டினான். இந்த முறை கவ்வி சத்தம்போடாமல் இருந்தது. வெளிச்சம் கம்பி நுனியில் மட்டும்.

"முதல்தரம் எங்கை வெளிச்சம் வந்தது?"

"கவ்வியிலை."

"உங்கடை மிசின், வெளிச்சம் எங்கையிருந்து வருது எண்டு சொல்லுமோ?"

சொல்லாது. நாங்கள் கம்பியை நோக்கி வைத்திருந்த கருவி, வெளிச்சம் எப்போது வந்தது என்பதை மிக நுணுக்கமாகச் சொல்லும். எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. கம்பியை நோக்கி வைத்திருந்தோம், ஆகவே கம்பியிலிருந்து வருகிறது என்று எண்ணிக்கொண்டோம். நான் ஈரப்பதன், பித்தளையின் கடத்துதிறன், திருகாணியின் இறுக்கம் என்று என்னென்னவோ சொல்லத் தொடங்கினேன். அவன் தன் மறைப்பை நெற்றிக்குத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தான்.

"எடேய், நீ கம்பியை அளக்கேல்லை. கவ்வியைத்தான் அளந்திருக்கிறாய்."

மூன்று வருட வேலை. பேராசிரியர் மகிழ்ச்சியாக இருந்த மூன்று வருட வேலை. இறங்குதுறையில் காரைநகர்ப் படகு புறப்படும் சத்தம் கேட்டது. நான் அவனிடம், "உனக்குப் பௌதிகம் சித்தியில்லைத்தானே?" என்று கேட்டேன். அதைவிட அற்பமான ஒரு வசனத்தை என் வாழ்நாளில் நான் பேசியதில்லை. அவனுக்கு அது உறைக்கவே இல்லை.

"ஓம். ரெண்டுதரம்," என்றான். "சோதினையிலை கவ்வியைப் பற்றிக் கேக்கேல்லை."

நான் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போனேன். நேர்மையான ஓர் ஆராய்ச்சியாளன் விமானத்திலிருந்து இறங்கியதும் நிலவறைக்கு ஓடியிருப்பான். நான் தட்டச்சுக்காரியிடம் ஓடினேன். ஆய்வேட்டில் மூன்று அத்தியாயங்கள் தட்டச்சாகி முடிந்திருந்தன, மிச்சத்தையும் விரைவாக முடிக்கச் சொன்னேன். சமர்ப்பித்தேன். வாய்மொழிப் பரீட்சையில் இரண்டு பெரியவர்கள் என்னை இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். கவ்வியைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை. கலாநிதிப் பட்டம் கிடைத்தது. உண்மையைத் தேடும் தாகம் அதற்கு அடுத்த கிழமைதான் எனக்கு வந்தது.

கவ்வியே இல்லாமல் மின்சாரம் கொடுக்க முடியாது. ஆகவே பட்டறையில் ஒரு பெரிய அலுமினியத் துண்டைக் கடையக் கொடுத்தேன். இரு தலைப்பும் மணிக்கட்டுப் பருமன், நடுவில் மட்டும் பென்சில் பருமன், எல்லாம் ஒரே துண்டு, பொருத்து இல்லை. பருமனான இடத்தில் காந்தப்புலம் குறைவு, ஆகவே கவ்வி பிடிக்கும் இடத்தில் பொறி பறக்கும் அவசியம் இல்லை. அப்படியே பறந்தாலும் தெரியாதபடி இரு தலைப்பையும் மறைத்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் கருவிக்குக் காட்டினேன். பாய்ச்சினோம். பழைய நேரத்தில் வெளிச்சம் வரவில்லை. புலம் ஏறிக்கொண்டே போனது. இருட்டு. கணக்குப் போட்டவர்கள் பல வருடங்களுக்கு முன் சொன்ன அளவுக்குக் கிட்டப் போனபோதுதான் நடுக்கம்பி ஒளிவிட்டது.

திரும்பத் திரும்பச் செய்தேன். பன்னிரண்டாம் முறையும் அதே விடை வந்தபோது பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் தாளை வாசித்தார். கதவைச் சாத்தச் சொன்னார். இது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியாது என்றேன். அடுத்த மாநாட்டில் அவர் மேடையில் நின்று, தொடுகைகளைப் பற்றித் தங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஐயம் இருந்ததாகச் சொன்னார். கைதட்டினார்கள். என் பெரியப்பா அங்கே பிறந்திருந்தால் அவருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் கதிரை கிடைத்திருக்கும் என்று நினைத்தேன்.

புதிய முடிவைக் கட்டுரையாக எழுதினேன். கடைசியில் நன்றி சொல்லும் பந்தியில் வெல்டிங்காரனின் பேரை எழுதியிருந்தேன். பேராசிரியரின் பேனை அந்த வரியில் நின்றது.

"இவர் எந்த நிறுவனம்?"

ஊர்காவற்றுறை இறங்குதுறை என்று சொல்லியிருக்கலாம். தகரக் கொட்டில் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது. பட்டம் என் கையில் இருந்தது. அதை யாரும் பிடுங்கப் போவதில்லை.

"நிறுவனம் ஒன்றும் இல்லை," என்றேன்.

அவர் பேரை வெட்டிவிட்டு, "ஒரு நண்பருடன் நடந்த பயனுள்ள உரையாடல்" என்று எழுதினார். நான் தலையாட்டினேன். அப்படித்தான் அது அச்சில் வந்தது.

எண்பதுகள் தொடங்கிய பிறகு நான் மறுபடி ஊருக்கு வந்தேன். அந்தக் கட்டுரையின் பிரதி ஒன்று பையில் இருந்தது. தகரக் கொட்டிலுக்குப் போய், அவனிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவன் சொன்னதுதான் சரி என்பதை. பட்டம் வாங்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்ததை. பேரை வெட்டவிட்டதை. கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டால் எனக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும்.

"என்ரை பேர் ஏன்?" என்றான். "பிறகு அதுவும் பிழை எண்டு தெரியவந்தால், என்னைத் தேடி வரவோ?"

கட்டுரையை வாங்கி, ஆங்கிலத்தைத் தாண்டி, படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். நடுவில் மெலிந்த அந்தக் கம்பியின் படத்தில் நெடுநேரம் நின்றான். "இது நல்ல வேலை," என்றான். அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த பாராட்டுகளில் எனக்கு இன்றும் நினைவிருப்பது அது ஒன்றுதான். பிறகு, எல்லாம் சரியாகப் பிடித்தால் தோலுக்கு என்ன நடக்குது என்று கேட்டான். நான் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, முதலில் இருந்து சொன்னேன். மின்சாரம் தோலில் ஓடுவது, புலம் நெரிப்பது, உருகுவது, கொதிப்பது, ஆவி, ஒளி. இந்த முறை ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டான்.

"தோல் முழுக்க ஒரே நேரத்திலை பத்தி எரியுமோ? இல்லாட்டிப் புள்ளி புள்ளியாய்ப் பத்துமோ?"

"ஒரே நேரத்திலை," என்றேன். எங்கள் சமன்பாடுகள் எல்லாம் அப்படித்தான் எடுத்துக்கொள்கின்றன.

"இரும்பிலை ஊத்தை இருக்கிற இடம்தான் எனக்கு முதல் பத்துறது," என்றான். "அலுமினியத்துக்குள்ளையும் ஏதும் ஊத்தை இருக்கும்தானே. ஒரே நேரத்திலை பத்தினதை ஆர் பாத்தது?"

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் படங்களில் அந்த ஒளி ஒரு மங்கலான கோடாகத்தான் விழுந்திருந்தது. புள்ளிகளைப் பிரித்துக் காட்டக்கூடிய கமெரா எங்களிடம் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த எவரிடமும் இருக்கவில்லை.

"ஒருத்தரும் பாக்கேல்லை," என்றேன்.

அவன் மறைப்பை முகத்துக்கு இறக்கினான். கண்ணை மற்றப் பக்கம் திருப்பு என்று கையால் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கினான்.